தராசைத் தாண்டிய பிறகு

லா பாஸ்,
பிப்ரவரி 6, 1973

அன்புள்ள நெல்வா அண்ணிக்கு,

துனியா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் வயிற்றுப்பிள்ளையும் சுகம். நீங்களும் அண்ணனும் சுகமா? அண்ணனுக்கு முதுகுவலி விட்டதா? நாள் முழுக்க நின்றுகொண்டு ஊரார் தலையையெல்லாம் சிரைத்தால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்.

எனக்கு ஏழாம் மாதம். மசக்கை மூன்று மாதத்தில் போய்விடும் என்றார்கள், எனக்குப் போகவில்லை. இந்த மலையூரில் காலையில் உருளைக்கிழங்கு, மத்தியானம் உருளைக்கிழங்கு, ராத்திரிக்கு அதையே பனியில் காயவைத்துக் கறுப்பாக்கிச் சூப்பில் போடுகிறார்கள். என் மாமியார் அன்பாகத்தான் போடுகிறார், நானும் அன்பாகத்தான் முழுங்குகிறேன். ஆனால் எனக்கு வேண்டியது நம் ஊர் உப்புக்கண்டம். அதை வாழைக்காயோடு உரலில் இடித்து, சூட்டோடு உருட்டி ஒரு வாய் போட்டால் போதும். எழுதும்போதே நாக்கில் எச்சில் ஊறுகிறது.

பிரசவத்துக்கு முன்னால் ஒரு நடை வந்து பார்ப்பதாக அண்ணன் சொன்னாரே, அவரிடம் கொடுத்தனுப்புங்கள். விமானத்தில் எடைக்குக் காசு வாங்குகிறார்கள் என்று என்னிடம் கதை விட வேண்டாம். நானும் சான் லூசியோவில் பிறந்தவள்தான். முதலில் ஆளையும் பெட்டியையும் சேர்த்துத் தராசில் நிறுப்பார்கள். அதைத் தாண்டிய பிறகு, விமானத்தின் படியடியில் சொந்தபந்தம் எல்லாம் கட்டிப்பிடித்து விடைகொடுக்கும். அந்தக் கட்டிப்பிடிப்பில் ஒருவர் சட்டைக்குள் பாலாடைக்கட்டி போகும், இன்னொருவர் கம்பளிக்குள் கோழி போகும். நிறுவைக்கார நிக்கனோர் மாமா அந்த நேரம் பார்த்து ஆற்றை வேடிக்கை பார்ப்பார். இதை என் வீட்டுக்காரர் வால்தெரிடம் சொன்னேன். "உங்க ஊர்ல பாசத்துக்குன்னு யாருமே கட்டிப்பிடிக்க மாட்டீங்களா?" என்று கேட்கிறார். மலைக்காரருக்கு என்ன தெரியும்.

அண்ணனைச் சும்மா கட்டிப்பிடித்து அனுப்பினால் உங்களோடு பேசமாட்டேன்.

உங்கள் அடங்காத நாத்தனார்,
துனியா


சான் லூசியோ,
பிப்ரவரி 21

அன்புத் துனியாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். உப்புக்கண்டம் கேட்டு எழுதியிருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது?

உன் கடிதத்தைக் கடையில் வைத்து உரக்கப் படித்திருக்கிறார் உன் அண்ணன். பாதி ஊருக்கு இப்போது உன் மசக்கை தெரியும். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த கேப்டன் ஓஸ்மார் சிரித்துச் சிரித்துக் கன்னத்தில் வெட்டுப்படப் பார்த்தாராம். "உன் தங்கச்சிக்காக உன்னை முன்னாடி சீட்டுலயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன் எர்லான்" என்று சொல்லியிருக்கிறார். உனக்குத்தான் தெரியுமே, வியாழக்கிழமை விமானத்தைக் கிளப்புமுன் அவருக்குச் சவரம் செய்தாக வேண்டும். அவர் மனைவி சொராய்தா அக்கா சுட்ட ரொட்டி ஒன்றைக் கூலியோடு சேர்த்து வைத்துவிட்டுப் போவார்.

கறி கொடியில் காய்கிறது. வெயிலுக்குக் குறைவில்லை, நாயைத்தான் காவல் காக்க வேண்டியிருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு துணிப்பட்டை தைத்து வைத்திருக்கிறேன். நேற்று அளவு பார்க்கக் கட்டிவிட்டேன். "என்னை மனுஷனா ஏத்தி விடுறியா, மாட்டுத்தொடையா ஏத்தி விடுறியாடி?" என்று கேட்கிறார். மார்ச் முதல் தேதி வியாழக்கிழமை வருகிறார். ஒல்லியாகத் தராசில் ஏறுகிறவர் தடித்து வந்து இறங்குவார், பயப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெல்வா


லா பாஸ்,
மார்ச் 9

அண்ணி,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை காலையிலிருந்து நானும் வால்தெரும் விமான நிலையத்தில் நின்றோம். மத்தியானம் ஒருவர் வந்து கரும்பலகையில் சான் லூசியோ என்ற பெயரை ஈரத்துணியால் துடைத்தார். ஏன் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் துணியோடு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்து வானொலியில்தான் கேட்டோம். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்ததாகவும் யாரும் பிழைக்கவில்லை என்றும் சொன்னார்கள். பெயர்களைப் படித்தபோது வால்தெர் வானொலியை நிறுத்தப் போனார். நான்தான் விடவில்லை.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். அவர் முகத்தை நான் பார்க்குமுன்பே மண்ணில் வைத்திருப்பீர்கள். வரவேண்டும் என்றால் விமானம் இல்லை, லாரியிலும் படகிலும் இந்த வயிற்றோடு போனால் பிள்ளை தங்காது என்கிறார் டாக்டர். உங்களைக் கட்டிக்கொண்டு அழக்கூட முடியாத இடத்தில் விதி என்னைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

அண்ணி, ஒன்று மட்டும் கேட்கிறேன். போகும்போது அண்ணனிடம் என்ன இருந்தது?

துனியா


சான் லூசியோ,
ஏப்ரல் 4

அன்புத் துனியாவுக்கு,

உன் கடிதம் படகில் வந்து சேர்ந்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் நாள் நெருங்கிவிட்டது, அதை நினைத்து இதைப் படி.

விமானம் எழும்பி ஆற்றுக்கு மேலே திரும்பியது. ஒரு பக்க எஞ்சின் சத்தம் நின்றது. நாங்கள் கையசைத்துக்கொண்டிருந்தோம், அசைத்த கை இறங்குமுன் அது சதுப்புக்காட்டுக்குள் விழுந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் படகெடுத்துப் போனார்கள். மறுநாள் உன் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் காயம் இல்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒன்பது நாள் ஜெபமும் முடிந்தது.

அவரிடம் என்ன இருந்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுக்க மழை, கறி காயவில்லை. வெறுங்கையோடுதான் போனார். நீ அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் மாமியார் போடுவதைச் சாப்பிடு.

நெல்வா


லா பாஸ்,
மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண் பிள்ளை பிறந்திருக்கிறான். ஏப்ரல் பதினேழு. மாதா காப்பாற்றினாள், இருவரும் நலம். நிறையத் தலைமுடியோடு பிறந்திருக்கிறான். அண்ணன் இருந்தால் கத்தரிக்கோலைத் தீட்டியிருப்பார். அதை நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். அழுதால் பால் வற்றும் என்று மாமியார் திட்டினார்.

வெறுங்கையோடு போனார் என்று எழுதியிருந்தீர்கள். சரி அண்ணி.

பிள்ளைக்கு எர்லான் என்று பெயர் வைக்க ஆசை. உங்களைக் கேட்காமல் வைக்கமாட்டேன். ஞானஸ்நானத்துக்கு நீங்கள்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டும். வேறு விமானம் விடப்போகிறார்களாமே, முதல் விமானத்தில் வாருங்கள். நீங்கள் வரும்வரை அவன் பெயரில்லாமல் கிடக்கட்டும். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அவர் உருளைக்கிழங்கு பிடிக்கவில்லை, சரிக்குச் சரி.

துனியா


சான் லூசியோ,
ஜூன் 13

அன்புத் துனியாவுக்கு,

பிள்ளையும் நீயும் சுகம் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. அவனுக்கு வயிற்று உபாதை ஒன்றும் இல்லையே?

புது விமானம் வருகிறது. ஊர்தான் பழைய ஊராக இல்லை. தராசுக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டியிருக்கிறார்கள். யாரும் கட்டச் சொல்லவில்லை. வழியனுப்ப வருகிறவர்கள்தாம் கட்டிவிட்டுக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறார்கள். படியேறுகிறவரை ஒருவரும் தொடுவதில்லை. போன வாரம் மருந்துக்கடைக்காரர் மகள் கல்யாணமாகிப் போனாள். பெற்ற தாய் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெண் தேம்பித் தேம்பித் தனியாகப் படியேறினாள்.

கேப்டன் ஓஸ்மார் அன்று குடித்திருந்தார் என்று பேச்சு. முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொராய்தா அக்கா ரொட்டியை யாரும் வாங்குவதில்லை. அவர் காலையில் அடுப்பு மூட்டுகிறார், கூடையை வாசலில் வைக்கிறார், சாயங்காலம் உள்ளே எடுத்துக்கொள்கிறார். நானும் அந்தத் தெருவில் போவதில்லை.

இப்போது என்னால் வர முடியாது. பிள்ளைக்குப் பெயரை வைத்துவிடு, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நெல்வா


லா பாஸ்,
ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பிள்ளை சிரிக்கிறான். பெயரில்லாத பயல் என்று தெருவே கூப்பிடுகிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் வர முடியாது என்றும் இல்லை. உடம்பு சரியில்லையா? என்மேல் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். திட்டாமல் இருந்தால்தான் தாங்கவில்லை.

ஓஸ்மார் குடித்திருந்தார் என்று யார் சொன்னாலும் நீங்கள் எப்படி நம்பினீர்கள்? அன்று காலையிலும் அண்ணன் கடையில்தானே சவரம் செய்திருப்பார். குடித்தவன் கழுத்தில் கத்தி வைக்கமாட்டேன் என்று அண்ணன் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பிறகு அதே ஆள் ஓட்டும் விமானத்தில் ஏறுவாரா?

துனியா


சான் லூசியோ,
ஜூலை 18

துனியா,

இந்தக் கடிதத்தைப் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு படி.

நான் நம்பவில்லை. ஊரிலும் ஒருவரும் நம்பவில்லை. ஆனாலும் சொல்கிறோம். ஏன் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த வாரம் மழையே இல்லை. கறி நன்றாகக் காய்ந்திருந்தது. தராசைத் தாண்டியதும் உன் அண்ணனைக் கட்டிப்பிடித்தேன், கட்டிப்பிடித்தபடியே அந்தப் பட்டையை அவர் இடுப்பில் சுற்றினேன். முடிச்சு விழவில்லை. "சீக்கிரம்டி, நிக்கனோர் மாமாவுக்குக் கழுத்து வலிக்கும்" என்றார். நான் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக யோசிக்கிறேன் துனியா, நான் அவரைக் கட்டிப்பிடித்தேனா, அவர்மேல் சுமை ஏற்றினேனா என்று எனக்கே தெரியவில்லை. நான் கட்டியதுதான் அவரை இழுத்துக்கொண்டு போயிற்றோ என்று நினைத்தால் கைகள் இரண்டும் எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது.

எல்லோரும் ஏதோ ஒன்றைக் கட்டித்தான் அனுப்பினார்கள். அதனால்தான் கயிறு. அதனால்தான் குடித்தார் என்ற பேச்சு. செத்தவர்மேல் போட்டுவிட்டால் நாம் தப்பித்தோம், அல்லவா?

உனக்குப் பொய் சொன்னதற்குக் காரணம் உன் வயிற்றுப்பிள்ளை. கேட்டது நீ என்பதை நீ சுமக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். ஊரே குடித்தார் என்று சொன்னால் அதைத்தான் எழுதிக்கொண்டு போவார். சொராய்தா அக்கா ஆயுசுக்கும் குடிகாரன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். நான் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். வானொலியில் என் பெயரும் கறியும் வந்தாலும் வரும். அதற்கு முன்னால் என் வாயால் நீ கேட்டுவிட வேண்டும்.

என்னை வெறுத்தாலும் பிள்ளைக்குப் பாலை நிறுத்தாதே.

நெல்வா


லா பாஸ்,
ஜூலை 27

என் அண்ணிக்கு,

எனக்கு அப்போதே தெரியும். சான் லூசியோவிலிருந்து இதுவரை எவனாவது வெறுங்கையோடு கிளம்பியிருக்கிறானா? நீங்கள் மழை என்று எழுதியதைப் படித்தபோது, எனக்காக ஒரு மழையையே பெய்யவைத்திருக்கிறீர்கள் என்று விடிய விடிய அழுதேன். சரி அண்ணி என்று எழுதியது அதனால்தான். உங்களுக்கு அந்தப் பொய் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை மாதமும் நீங்கள் அங்கே ஒரு மூலையில், நான் இங்கே ஒரு மூலையில் இதையே சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போங்கள் அண்ணி. போய்ச் சொல்லுங்கள். சொல்லும்போது கேட்டது என் நாத்தனார் துனியா என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் இந்தமுறை நிஜமாகவே பேசமாட்டேன்.

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான்.

துனியா


சான் லூசியோ,
ஆகஸ்ட் 15

அன்புத் துனியாவுக்கு,

மாதா திருநாள் வாழ்த்து. நான் சுகமாக இருக்கிறேன். இந்த வார்த்தையை இந்த வருஷத்தில் முதல்முறையாக மனசாரச் சொல்கிறேன்.

விசாரணையைத் தராசுக் கொட்டகையில் வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. சொராய்தா அக்கா மட்டும் உள்ளே வராமல் கதவோரம் நின்றார். பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. "விமானி குடிச்சிருந்தாரா?" என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் எழுந்துபோனேன். அன்றைக்கு அனுப்பிய அதே அளவு கறியைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தராசில் வைத்தேன். "நிறுத்ததுக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் இடுப்புல இவ்வளவு கட்டி விட்டேன். கேட்டது என் நாத்தனார் துனியா. ஓஸ்மார் குடிக்கல" என்றேன்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து தன் வீட்டுக்கு ஓடினார். பாலாடைக்கட்டியோடு திரும்பி வந்து வைத்தார். அந்த விமானத்தில் இறந்துபோன டீச்சரின் தங்கை ஒரு கூடைப் பருப்பு வைத்தாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடைசியில் படகுக்காரர் ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டுவந்து தராசில் நிறுத்த, அது கத்திக்கொண்டு ஓடப் பார்த்தது. "இதையுமா கட்டிப்பிடிச்சுக் குடுத்தீங்க?" என்றார் அதிகாரி. "கோட்டுக்குள்ள தூங்கிடுச்சுங்க சார்" என்றார் படகுக்காரர். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அப்போது கதவோரத்திலிருந்து சொராய்தா அக்கா பேசினார். "இது அவருக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினோம்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஏத்தி வச்ச அரிசியில மூணு மூட்டைய இறக்கச் சொல்லுவார். 'நிக்கனோர், கட்டிப்பிடிக்கிறதுக்கு இடம் விடு'ன்னு சொல்லுவார். இந்த ஊர்ல அப்படி இடம் விடாம வண்டியக் கிளப்ப முடியாதுன்னு வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

நிக்கனோர் மாமா முகத்தைப் பொத்திக்கொண்டார். "அன்னிக்கும் இறக்கினோம் சார். அது பத்துமோ பத்தாதோன்னு எனக்குப் பயம். வாயத் திறந்தா, பாத்தும் பாக்காம இருந்தது வெளிய வரும், வேலை போயிடும்னு இருந்துட்டேன்." மூட்டைகள் கொட்டகையின் பின்னால் எலி கடித்துக் கிடந்தன. கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. நாங்கள் வைத்ததையெல்லாம் பன்றிக்குட்டியோடு ஒரு பக்கம் நிறுத்தார், மூட்டைகளைத் தனியாக நிறுத்தார். எலி தின்றது போகவும் மூட்டைதான் கனம்.

"எஞ்சின் உள்ள உடைஞ்சு நின்னுபோச்சு. சதுப்புல இருந்து எடுத்துப் பாத்துட்டோம்" என்றார். "அவ்வளவு தாழ்வா பறக்கும்போது ஒத்தை எஞ்சின வச்சுத் திருப்ப முடியாது. ஆளே இல்லாத காலி விமானமா இருந்தாலும் விழுந்திருக்கும்." அதையும் கட்டிப்பிடித்ததையும் எழுதிக்கொண்டார். குடித்தது பற்றி எழுதவில்லை.

துனியா, நான் கட்டிப்பிடிக்கப் போகிறேன் என்று தெரிந்து அந்த மனிதர் இடம் விட்டு வைத்திருக்கிறார். அப்படியென்றால் நான் உன் அண்ணனைக் கட்டிப்பிடித்துத்தான் அனுப்பினேன். இனி என்னால் அழ முடியும். நிறைய அழுதேன்.

வரும் வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன். பிள்ளைக்கு எர்லான் என்றே வை. அவனைத் தூக்கும் வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கூட்டம் கலைந்த பிறகு சொராய்தா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் ரொட்டிக்கூடை இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அக்கா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க இத்தனை மாசம் நெஞ்சுக்குள்ள வச்சு வெந்திருக்க மாட்டோமே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கூடைத்துணியை விலக்கி எனக்கு ஒரு ரொட்டியை எடுத்தார்.

"யாரு வந்தீங்க நெல்வா, நான் சொல்றதுக்கு? ஒருத்தராவது ரொட்டி வாங்க வருவீங்க, வந்தா சொல்லலாம்னுதான் தினமும் சுட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நெல்வா